சுவர் எழுப்பும் முன் கட்டிலைத் தள்ளிப் பார்த்தோம்

தாதியர் பயிற்சி வார்டின் வரைபடத்தில் 12 கட்டில்கள் இருந்தன. அறை 9 மீட்டர் நீளம், ஏழரை மீட்டர் அகலம். எதிரெதிர்ச் சுவர்களில் ஆறு ஆறாக அழகாக அடுக்கியிருந்தார்கள். கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் பிடித்துப்போனது. எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. 9 மீட்டரை ஆறால் வகுத்தால் ஒரு கட்டிலுக்கு ஒன்றரை மீட்டர். மருத்துவமனைக் கட்டிலின் அகலமே ஏறக்குறைய ஒரு மீட்டர். மிச்சமிருக்கும் அரை மீட்டர் சந்தில் ஒரு தாதி நின்று, குனிந்து, நோயாளியைப் புரட்டி, விரிப்பை மாற்ற வேண்டும். டிரிப் கம்பமும் மருந்து கட்டும் தள்ளுவண்டியும் அதே சந்துக்குள்தான் வர வேண்டும். "இதில் ஆறு கட்டில்தான் போடலாம்" என்றேன். மேசையைச் சுற்றி ஒரே அமைதி. 12 கட்டில் என்று மேலிடத்துக்கு ஏற்கனவே எழுதிக் கொடுத்தாகிவிட்டது என்றார் ஒருவர்.

அன்று தொடங்கிய வேலை முடிய ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆனது. பழைய கட்டடத்தைத் தாதியர் பயிற்சிக்கும் பிசியோதெரபிக்கும் மாற்ற நினைக்கும் யாருக்காவது உதவும் என்பதால்தான் நடந்ததை எழுதுகிறேன். நான் பொறியாளர் இல்லை. 19 ஆண்டுகள் அரசு மருத்துவமனை வார்டுகளில் தாதியாக இருந்துவிட்டு, பிறகு கற்பிக்க வந்தவள். பயன்படுத்தப் போகிறவர்களின் பக்கம் நின்று பேச ஓர் ஆள் வேண்டும் என்று என்னை அந்தக் குழுவில் சேர்த்தார்கள்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். மலேசிய இந்தியர்களின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்பார்கள். வரலாறு படித்தவர்கள், 1948 ஜூன் 16 அன்று தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த ஊரில்தான், அதைத் தொடர்ந்தே மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது என்பார்கள். எனக்கு இது என் அம்மா விடியற்காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டிவிட்டு, ரப்பர் பால் வாடையோடு வீடு திரும்பிய ஊர். நான் பிறந்தது தோட்டத்து ஆஸ்பத்திரியில். பத்துக் கட்டில்கூட இல்லாத அந்த இடத்தில் மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் ஐயாவும் ஓர் ஆயாவும்தான் எல்லாம். தோட்டங்கள் கைமாறி, பால்மரம் போய் எண்ணெய்ப் பனையான செம்பனை வந்ததும் அந்த ஆஸ்பத்திரியும் மூடப்பட்டது.

பல்கலைக்கழகத்தின் கிளை வளாகம் ஊருக்கு வெளியே, செம்பனைக் காட்டை ஒட்டி இருக்கிறது. நாங்கள் மாற்றி அமைத்த கட்டடம் 1980களில் வேறொரு பயிற்சிக் கழகத்துக்காகக் கட்டியது. கீழே ஒரு தளம், மேலே ஒரு மாடி. முன்பக்கம் கம்பி வைத்த திறந்த தாழ்வாரம். கணக்கியலும் வணிகமும் சொல்லித் தந்த வகுப்பறைகள். மின்விசிறி, குழல் விளக்கு, கரும்பலகை தவிர வேறு எதுவும் அந்த அறைகளுக்குத் தேவைப்பட்டதில்லை. தாதியர் பயிற்சிக்கோ தண்ணீர், மின்சாரம், கழிவுநீர், காற்று, எடை, அகலம் எல்லாமே வேண்டும். இந்த வித்தியாசத்தை முதல் கூட்டத்திலேயே எல்லோரும் புரிந்துகொண்டிருந்தால் பாதித் தலைவலி குறைந்திருக்கும்.

கட்டில் விவகாரத்துக்கு வருகிறேன். வாக்குவாதம் செய்து பயனில்லை என்று தெரிந்தது. பெட்டி ஒட்டும் நாடா நான்கு சுருள் வாங்கினேன். மண்டபத்துத் தரையில் அந்த அறையை முழு அளவில் ஒட்டினேன். சுவர், கதவு, ஜன்னல், அதற்குள் 12 கட்டில். அடுத்த கூட்டத்தை அங்கேயே வைக்கச் சொல்லி பீடத் தலைவரிடம் கேட்டுக்கொண்டேன். கட்டடக் கலைஞர் ஓர் இளம் மலாய்க்காரப் பெண். என்னை "காக்", அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். "நீங்கள்தான் நோயாளி" என்று அவரை நாடாக் கட்டிலுக்குள் படுக்க வைத்தேன். முதுகுத் தண்டில் அடிபட்டவரைத் திருப்பும் முறையைச் செய்து காட்டும்படி நான்கு மாணவிகளிடம் சொன்னேன். ஒருத்தி தலைமாட்டில் நின்று கழுத்தை அசையாமல் பிடிக்க வேண்டும், மூவர் ஒரே பக்கம் நின்று உடலைச் சேர்த்துத் திருப்ப வேண்டும். தலைமாட்டில் நிற்க வேண்டியவள் சுவர்க் கோட்டுக்கு வெளியே நின்றாள். மற்ற மூவரும் பக்கத்துக் கட்டிலுக்குள் நின்றார்கள்.

படுத்திருந்தபடியே அவர் அதைப் பார்த்தார். எழுந்தவர் வேறு எதுவும் சொல்லவில்லை, அளவு நாடாவை எடுத்தார். கட்டில் ஒரு மீட்டர், இடைவெளி 1.4 மீட்டர், ஆக ஒரு கட்டிலுக்கு 2.4 மீட்டர். தலைமாட்டுக்கும் சுவருக்கும் இடையே ஆள் நுழையும் அளவு. நீளவாக்கில் மூன்று கட்டில், எதிரே மூன்று. ஆறு. அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார்: பக்கத்து வகுப்பறைக்கும் இதற்கும் நடுவில் இருப்பது வெறும் செங்கல் தடுப்பாக இருந்தால் அதை எடுத்துவிடலாம். கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்தார், பாரம் முழுவதும் தூண்களில்தான் இறங்குகிறது என்று உறுதி செய்தார். 18 மீட்டர் நீள அறை கிடைத்தது. பக்கத்துக்கு ஐந்தாகப் பத்துக் கட்டிலுக்கு 12 மீட்டர். மீதி 6 மீட்டரில் கை கழுவும் தொட்டிகள், தாதியர் மேசை, எல்லோரும் சுற்றி நின்று செயல்முறை பார்க்கும் இடம்.

நான்கு சுருள் நாடாவும் ஒரு பிற்பகலும்தான் செலவு. இதைச் செய்யாமல் யாரும் வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கதவையும் அப்படித்தான் சோதித்தோம். பழைய வகுப்பறைக் கதவு 90 சென்டிமீட்டர். அதில் கட்டில் நுழையாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது, ஆகவே 1.2 மீட்டர் என்று மாற்றியிருந்தார்கள். காகிதத்தில் அது போதும். ஆனால் கட்டில் பறந்து வருவதில்லை, தாழ்வாரத்தில் உருண்டு வந்து திரும்ப வேண்டும். எங்கள் தாழ்வாரம் 1.8 மீட்டர் அகலம், கட்டிலோ 2.2 மீட்டர் நீளம். கிடங்கிலிருந்த பழைய கட்டிலைக் கொண்டுவந்து, சுவரை உடைக்கும் முன்பே, சுண்ணாம்புக் கட்டியால் கதவைக் குறித்துத் தள்ளிப் பார்த்தோம். கால்மாடு உள்ளே போனதும் தலைமாடு கம்பியில் இடித்தது. பின்னால் இழுத்து, கோணம் மாற்றி, மறுபடி தள்ளி, மூன்று பேர் வியர்த்துப்போனார்கள். அன்றே ஒரு பெரிய இறக்கையும் ஒரு சிறிய இறக்கையும் கொண்ட ஒன்றரை மீட்டர் கதவாக மாற்றினார்கள். சாதாரண நேரத்தில் பெரிய இறக்கை மட்டும் திறக்கும், கட்டில் வரும்போது இரண்டும்.

இனி அஸ்பெஸ்டாஸ். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இதில் மட்டும் பணத்தோடு போகாமல் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

வேலை தொடங்கிய இரண்டாம் வாரம். மேல்மாடியில் கூரைப் பலகைகளைக் கழற்ற ஆள்கள் ஏறிவிட்டார்கள். சுத்தியலால் தட்டி உடைத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்கள். வயரிங் செய்ய வந்த அண்ணன் ஒருவர், 60ஐத் தாண்டியவர், கீழே விழுந்த துண்டைப் பார்த்ததும் நேராக மேற்பார்வையாளர் தம்பியிடம் போனார். "தம்பி, வேலைய நிறுத்து. இது பழைய காலத்து ஷீட்டு. எதுல செஞ்சதுன்னு பாக்காம உடைக்காத." தம்பி தயங்கினார். ஒரு நாள் வேலை நின்றால் கட்டட வேலையைக் குத்தகைக்கு எடுத்த குத்தகையாளருக்கு நட்டம். அண்ணன் என்னிடம் வந்தார். "மிஸ்ஸி, நீங்க சொன்னா கேப்பாங்க." நான் பீடத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அரை மணி நேரத்தில் மேல்மாடி பூட்டப்பட்டது.

மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றே முடிவு வந்தது. முழுதாக, சாயம் பூசி, யாரும் தொடாமல் இருக்கும்வரை அந்தப் பலகையால் பெரிய ஆபத்தில்லை. உடைத்தாலோ துளையிட்டாலோ அறுத்தாலோதான் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலக்கிறது. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கிவிடும். நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமா என்ற நெஞ்சுறைப் புற்றுநோயும் 20, 30, 40 ஆண்டுகள் கழித்துக்கூட வரலாம். வார்டில் அப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். இளவயதில் கட்டட வேலை செய்தவர். ஓய்வு பெற்று நிம்மதியாக உட்கார வேண்டிய வயதில் ஒவ்வொரு மூச்சுக்கும் போராடினார்.

பிறகு வந்தது பயிற்சி பெற்ற தனிக்குழு. அறையைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடினார்கள். முழு உடையும் சரியான முகக்கவசமும் அணிந்து, பலகையைத் தண்ணீரால் நனைத்து, உடைக்காமல் ஆணியைக் கழற்றி இறக்கினார்கள். இரண்டு உறையில் கட்டி, அடையாளம் ஒட்டினார்கள். மலேசியாவில் இதைக் குப்பை லாரியில் ஏற்ற முடியாது. 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளில் அஸ்பெஸ்டாஸ் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 201 என்று தனி எண்ணே உண்டு. உரிமம் பெற்றவர்தான் ஏற்றிச் செல்ல வேண்டும். எங்களுக்கு மூன்று வாரம் போனது, திட்டத்தில் இல்லாத செலவும் வந்தது. முதல் இரண்டு மணி நேரம் சுத்தியலால் தட்டிய அந்த ஆள்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. அவர்களில் இருவர் வங்காளதேசத்திலிருந்து வந்த பையன்கள், என் மகன் வயது. குத்தகை எடுத்தவர்கள் அவர்களுக்குத் துணி முகமூடிகூடத் தரவில்லை. மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பி, எப்போது எங்கே எதைத் தொட்டார்கள் என்று எழுதி அவர்கள் கையிலும் ஒரு பிரதி தர வைத்தோம். 20 ஆண்டு கழித்து எந்த ஊர் மருத்துவரிடம் போனாலும் அந்தக் காகிதம் உதவும்.

பழைய கட்டடம் என்றால் முதல் சுத்தியல் விழும் முன் கூரைப் பலகை, குழாய் உறை, தரை ஓடு எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும். குத்தகை ஒப்பந்தத்திலேயே அதை ஒரு வரியாகச் சேர்த்துவிட வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு விஷயம். முதல் திட்டத்தில் பயிற்சி வார்டு மேல்மாடியில் இருந்தது, விரிவுரை அறைகள் கீழே. காற்றோட்டம் நல்லது என்று காரணம் சொன்னார்கள். அது மட்டும் நடந்திருந்தால் ஒவ்வொரு கை கழுவும் தொட்டியின் கழிவுக்குழாயும் கீழே இருப்பவர்களின் தலைக்கு மேல் ஓடியிருக்கும். குழாய்க்குச் சரிவு வேண்டும், சரிவுக்கு உயரம் வேண்டும், பழைய கட்டடத்தில் அந்த உயரம் கிடையாது. லிஃப்டும் இல்லை. பொம்மை நோயாளி ஒவ்வொன்றும் ஒரு ஆள் தூக்கிப் படியேறும் எடையில் இருக்காது. ஆகவே ஈரமும் பாரமும் கீழே, எழுத்தும் பேச்சும் மேலே என்று மாற்றினோம். பிசியோதெரபிக்கும் கீழ்த்தளம்தான், சக்கர நாற்காலியோடு வருகிறவர்களை மாடிக்குக் கூப்பிட முடியாது.

தொட்டிகளின் எண்ணிக்கைக்கும் சண்டை போட வேண்டியிருந்தது. மூலையில் ஒன்று போதும் என்றார்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் முறைப்படி சோப்புப் போட்டுக் கை கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். ஒரு குழுவில் 20 மாணவர்கள். தொட்டி ஒன்று என்றால் கடைசி ஆள் கழுவி முடிக்க 20 நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்? கையை நனைத்துவிட்டு ஓடக் கற்றுக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தோடுதான் வார்டுக்கும் போவார்கள். நான்கு தொட்டி கிடைத்தது. முழங்கையால் திறக்கும் நீண்ட கைப்பிடி, ஓரத்தில் வழிவுத் துளை இல்லாத தொட்டி. குழாய்நீர் நேராக வடிகால் துளைமேல் விழக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்தேன். வடிகாலுக்குள் கிருமி குடியிருக்கும், நேராகத் தண்ணீர் விழுந்தால் தெறித்துக் கைக்கே திரும்பி வரும். குழாய் பொருத்த வந்தவர் இதைக் கேட்டுவிட்டுத் தன் வீட்டுத் தொட்டியையும் மாற்றப்போவதாகச் சொன்னார்.

மின்சாரத்தில் அந்த வயரிங் அண்ணன்தான் என் ஆசிரியர். "மிஸ்ஸி, ஒரு கட்டிலுக்கு எத்தன பிளக் வேணும்? யோசிச்சுச் சொல்லுங்க, அப்புறம் மாத்தச் சொல்லாதீங்க" என்றார். கட்டிலை உயர்த்தும் மோட்டார், மருந்து ஏற்றும் பம்ப், மானிட்டர், சளி உறிஞ்சும் கருவி, பொம்மை நோயாளி, துடைப்பவர்களின் இயந்திரத்துக்கு ஒன்று. ஆறு. பத்துக் கட்டிலுக்கு அறுபது. விளக்குக்கும் விசிறிக்கும் மட்டும் போட்ட பழைய சுவிட்ச் பெட்டி அதைத் தாங்காது. புதிய பெட்டி, புதிய கம்பி, கசிவு வந்தால் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. எல்லாம் புதிதாக வந்தன. பிளக்குகளைத் தரைக்குப் பக்கத்தில் வைக்காமல் தலைமாட்டில் இடுப்புக்கு மேல் வைக்கச் சொன்னேன். குனிந்து கட்டிலுக்கடியில் கம்பி தேடும் வேலை 19 ஆண்டில் என் முதுகை என்ன செய்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

ஆக்சிஜன் சுவர்க்குழாய் வேண்டும், ஆனால் பயிற்சி அறையில் உண்மையான ஆக்சிஜன் வேண்டாம். தீ ஆபத்து, செலவு, பராமரிப்பு என்று பல தொல்லை. அழுத்தக் காற்றை ஓடவிட்டால் குமிழி வரும், அளவுமானி ஏறும், பிள்ளைகள் பழகலாம். 'பயிற்சிக்கு மட்டும், சுவாசிக்க அல்ல' என்று மூன்று மொழியிலும் பெரிதாக ஒட்டி வைத்தோம். நிஜமாகவே ஒரு மாணவி மயங்கி விழுந்தால் பதற்றத்தில் யாராவது அந்தக் குழாயை மூக்கில் மாட்டிவிடலாம். அவசரத்துக்கென்று உண்மையான ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை வேறு நிற அடையாளத்தோடு கதவருகே தனியாக வைத்திருக்கிறோம். காற்று அழுத்தும் இயந்திரத்தைப் படிக்கட்டுக்கு அடியில் வைக்கலாம் என்று நினைத்திருந்தோம், இடம் சும்மாதானே கிடக்கிறது என்று. பார்வையிட வந்த போம்பா (தீயணைப்புத் துறை) அதிகாரி ஒரே பார்வையில் மறுத்துவிட்டார். தீப்பிடித்தால் 100 பேர் இறங்கி ஓட வேண்டிய படிக்கட்டு அது, அதன் கீழ் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. கட்டடத்துக்குப் பின்னால் தனிக் கூண்டு கட்டினோம். இரைச்சலும் அதோடு வெளியே போனது.

தரை எங்களை ஏமாற்றியது. பழைய சிமெண்டுத் தரைமேல் வினைல் ஒட்டினார்கள், மூலைகளைச் சுவரில் வளைத்து ஏற்றி, பார்க்கவே கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு மாதத்தில் ஓர் அறையில் அப்பளம் போல உப்பியது. நிலத்து ஈரம் மேலே ஏறியிருக்கிறது. முழுவதும் பிய்த்து, ஈரத்தடுப்புப் பூசி, மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று. ஒட்டும் முன் ஓர் எளிய சோதனை உண்டு என்று பிறகுதான் தெரிந்தது: முழங்கை நீளத்துக்குச் சதுரமான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் நாடா ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். எடுக்கும்போது அடியில் வியர்த்திருந்தால் தரை இன்னும் காயவில்லை. நம் ஊர் மழைக்கு இந்தச் சோதனையை இரண்டு மூன்று இடத்தில் செய்வது நல்லது.

ஈரத்தின் இன்னொரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். பழைய இடத்தில் இருந்தபோது ஒரு நீண்ட விடுமுறைக்கு ஏர்கோனை அணைத்துவிட்டுப் பூட்டிப் போனோம். திரும்பி வந்து திறந்தால் பொம்மைகளின் தோலிலும் மெத்தையிலும் பூஞ்சணம். ஆகவே புதிய கட்டடத்தில் பொம்மைகளுக்குத் தனிக் கிடங்கும், அதற்கு மட்டும் எப்போதும் ஓடும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் கேட்டு வாங்கினேன்.

கட்டுப்பாட்டு அறைக்கும் பயிற்சி அறைக்கும் நடுவில் ஒருவழிக் கண்ணாடி. நாங்கள் பார்க்கலாம், மாணவர்கள் எங்களைப் பார்க்க முடியாது என்பது ஏற்பாடு. முதல் நாள் மாணவிகள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். எங்கள் பக்கம் இருட்டாக இருந்தால்தான் அந்தக் கண்ணாடி வேலை செய்யும், எங்கள் அறைக்கோ பெரிய ஜன்னல். தடித்த கறுப்புத் திரை போட்டதும் சரியானது.

இத்தனையும் நான் போராடாவிட்டாலும் யாராவது ஒருவர் கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார்கள். ஓர் அறையை மட்டும் நான் கேட்காமல் இருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். கடைசி ஆண்டுகளில் காலில் ஆறாத புண். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஓர் இளம் தாதி புண் கட்ட வந்தார். தோட்டத்தை விட்டு வந்தபின் நாங்கள் இருந்தது மலிவு விலை வீடு. அப்பா தரையில் மெத்தை போட்டுத்தான் படுப்பார், கட்டிலில் தூக்கம் வராது. அந்தப் பிள்ளை கையில் தட்டை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தது. சுத்தமான தட்டை எங்கே வைப்பது? கையை எங்கே கழுவுவது? குசினிக்குப் போக வேண்டும் என்றால் சாமி மேடையைத் தாண்டிப் போகலாமா? கடைசியில் தரையில் மண்டியிட்டு அரை மணி நேரம் கட்டிவிட்டு, எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டது. நன்றாகப் படித்த பிள்ளை. படித்ததெல்லாம் உயரம் சரிசெய்யக்கூடிய கட்டிலில். எங்கள் வீடு மாதிரி ஒரு வீட்டை யாரும் அதற்குப் பழக்கவில்லை.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நம் நாட்டில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ஐந்தில் ஒருவருக்குப் பக்கம். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகமாக இருந்தது. அந்தப் புண்கள் எல்லாம் வார்டிலேயே ஆறப்போவதில்லை. வீட்டில்தான் கட்டியாக வேண்டும்.

ஆகவே ஒரு வீடு கேட்டேன். 4 மீட்டருக்கு 5 மீட்டரில் ஓர் அறை, ஒட்டி ஒரு சின்னக் குசினி, ஒரு குந்து கழிப்பறை. எதிர்ப்பு வந்தது. அந்த இடத்தில் இரண்டு விரிவுரையாளர்களுக்கு அலுவலகம் அமைக்கலாம் என்றார்கள். புதிய கட்டடத்தில் குந்து கழிப்பறையா என்று ஒருவர் முகம் சுளித்தார். முழங்கால் வலிக்காரர் ஒருவரை அதில் உட்காரவைத்து எழுப்புவது எப்படி என்று பிசியோதெரபி மாணவர்கள் எங்கே கற்பார்கள் என்று கேட்டேன். பிசியோதெரபி தலைவி, ஒரு மலாய் அம்மா, உடனே என் பக்கம் வந்துவிட்டார். கிளந்தானில் தன் தாயார் வீட்டிலும் அதே கழிப்பறைதான் என்றார். அவர் பேசியதால்தான் அறை கிடைத்தது.

வேண்டுமென்றே அதில் எதையும் வசதியாக வைக்கவில்லை. தரையில் மெத்தை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மங்கலான ஒரே விளக்கு, ஒரே பிளக். மூலையில் உயரமான மேடை. ஒரு வாரம் அது சாமி மேடை, அடுத்த வாரம் திருக்குர்ஆன் வைக்கும் அலமாரி, பிறகு சீன முன்னோர் பீடம். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருக்கும் பாட்டியின் பக்கத்தில் சாமி விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். "விளக்கை அணையுங்கள்" என்று அதட்டினால் அடுத்த முறை கதவு திறக்காது. "பாட்டி, விளக்கு எரியட்டும், உங்களைக் கொஞ்சம் தள்ளி அந்த அறையில் உட்கார வைக்கட்டுமா?" என்று கேட்கப் பழக வேண்டும். கேட்டுப் பழக ஓர் இடம் வேண்டும். சுத்தம் செய்ய வரும் அக்கா ஒருவர், தோட்டத்தில் வளர்ந்தவர், ஓய்வு நேரத்தில் அங்கே 'பாட்டி'யாக நடிக்க வருகிறார். பிள்ளைகள் தட்டைத் தவறான இடத்தில் வைத்தால் அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதற்குத் தனிச் சம்பளம் தர வேண்டும் என்று எழுதி, அதையும் வாங்கிக் கொடுத்தோம்.

ஜூலையில் திறக்க வேண்டிய கட்டடம் தீபாவளிக்கு முன்தான் கைக்கு வந்தது. அஸ்பெஸ்டாஸும் தரையும் தின்ற காலம் அது. தாதியர் வாரியத்திலிருந்தும் உயர்கல்விப் படிப்புகளை அங்கீகரிக்கும் தகுதி முகமையிலிருந்தும் பார்வையிட வந்தவர்கள் கட்டிலை மட்டும் எண்ணிவிட்டுப் போகவில்லை. கருவிப் பட்டியல், கிடங்கு, ஊசிக் கழிவு வைக்கும் இடம், ஆசிரியர் எண்ணிக்கை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பொம்மைக் கையில் குத்திய ஊசியும் ஊசிதான், மஞ்சள் பெட்டியில்தான் போக வேண்டும். பெட்டி நிரம்பியபின் எடுத்துச் செல்லும் வரை பூட்டி வைக்க ஓர் அறை தேவை. அதை நாங்கள் மறந்திருந்தோம். துடைப்பக் கிடங்கில் பாதியைத் தடுத்து அந்த அறையாக்கினோம்.

இப்போது மிச்சமிருப்பது நுழைவாயில் சரிவுப்பாதையின் கூரை. தரை வெளியைவிட 60 சென்டிமீட்டர் உயரம். பாதையை மூன்று மீட்டரில் முடித்துவிடலாம் என்று குத்தகையாளர் சொன்னார். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் 7.2 மீட்டர் வேண்டும். செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவர் மூச்சு வாங்குவார், இறக்கும்போது கை நழுவும். ஒரு மாணவியை நாற்காலியில் உட்கார வைத்து, மூன்று மீட்டர் பலகைமேல் குத்தகையாளரையே தள்ளச் சொன்னோம். பாதியில் நிறுத்திவிட்டு, 7.2 மீட்டருக்குக் குறி போடச் சொன்னார். பாதை முடிந்துவிட்டது, இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு. ஆனால் மேலே கூரை இல்லை. நான்கு மணி மழையில் நனைந்துகொண்டேதான் நோயாளிகள் ஏறுகிறார்கள். கூரைக்கு அளவெடுக்க அடுத்த செவ்வாய்க்கிழமை ஆள் வருகிறார். அன்று பிற்பகல் எனக்கு வகுப்பு இல்லை. ஒரு சக்கர நாற்காலியும் ஒரு குடையும் எடுத்துக்கொண்டு போய் அங்கே நிற்கப்போகிறேன்.